திருத்தப்படாத பிரதி

போன வாரம் தொலைக்காட்சியில் ஒருவர் எங்கள் அந்தமான் நிக்கோபார் தீவுகளை ‘மூழ்காத விமானந்தாங்கிக் கப்பல்’ என்றார். டெல்லியில் குளிரூட்டிய அறையில் டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரைபடம். மலாக்காவை நோக்கிப் போகும் கப்பல் பாதைகளின் குறுக்கே எங்கள் தீவுகள் சிவப்புப் புள்ளிகளாக மின்னி மின்னி அணைந்தன. நாட்டின் பாதுகாப்பு, கடல்வழிகளின் சாவி, எதிரியின் தொண்டைக்குழி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். போர்ட் பிளேரில், ஷாதிபூரில், என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, பல வருடங்களாகக் கேட்காத ஒரு குரல் என் காதுக்குள் கேட்டது.

“மூழ்காதுன்னு யாருங்க சொன்னது?”

தீதியின் குரல்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். அவருடைய பணிப் பதிவேட்டை இருபது வருடம் என் அலமாரியில் வைத்திருந்தவன் நான். இருந்தாலும் அலுவலகத்தில் வங்காளி, தெலுங்கர், மலையாளி, தமிழர் எல்லோருக்கும் அவர் தீதிதான். அக்கா என்று அர்த்தம். அந்தச் சொல்லில் பாசம் இருந்ததாக யாரும் நினைக்க வேண்டாம். பயம் இருந்தது.

அது கடல் வரைபடங்களை வைத்துக் காப்பாற்றும் அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். பெயரைச் சொல்லக் கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்று கையெழுத்து வாங்கினார்கள். ஓய்வு பெற்ற அன்று மறுபடியும் வாங்கினார்கள், இடையில் நான் மறந்திருக்கக்கூடும் என்று. நான் நிர்வாகப் பிரிவில் சூப்பரிண்டெண்ட். தீதி வரைபடப் பிரிவில் டிராஃப்ட்ஸ்மேன். பெண் ஒருவர் வந்து உட்கார்ந்த பிறகும் பலகையில் அப்படித்தான் இருந்தது. பதவியின் பெயரை மாற்ற ஒரு கோப்பு திறந்தேன். நான் ஓய்வு பெற்ற நாளிலும் அது திறந்தே இருந்தது.

தீதியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் ஊதா மையிலிருந்து தொடங்க வேண்டும். கடல் வரைபடம் அச்சாகி வந்த அன்றே பழசாகத் தொடங்கிவிடும். எங்கோ ஒரு விளக்கு அணையும். ஒரு மிதவை நகரும். ஏதாவது ஒரு கப்பல் மூழ்கிப் பாதையில் கிடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் அறிவிப்பு வரும். அதைப் பார்த்து எல்லாப் பிரதிகளிலும் கையால் திருத்த வேண்டும், ஊதா மையில் மட்டும். திருத்திவிட்டுத் தாளின் கீழே, இடது மூலையில், அந்த அறிவிப்பின் எண்ணை எழுத வேண்டும். விவரம் தெரிந்த மாலுமி வரைபடத்தை விரித்ததும் முதலில் பார்ப்பது அந்த மூலையைத்தான். மூலை வெறுமையாக இருந்தால் அந்தத் தாளை நம்பி ஒரு தோணியைக் கூட ஓட்ட மாட்டான்.

தீதியிடம் ஊதா மைக்கென்று ஒரு பேனா இருந்தது. மெல்லிய நிப். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார். ஒருமுறை டைரக்டரே அவசரத்துக்குக் கை நீட்டினார். “இது திருத்தத்துக்கு மட்டும்தாங்க சார். கையெழுத்துக்கு நீலம் இருக்கு” என்று ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

இனி, அவருடைய குணம். தீதி எதையும் மறக்க மாட்டார், மன்னிக்கவும் மாட்டார். ஆனால் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவர் பழிவாங்கும் முறை வேறு. எதிராளிக்கு வரப்போகும் ஆபத்தை முன்கூட்டியே, முறைப்படி, எழுத்தில் தெரிவித்துவிடுவார். அந்த ஆள் அதைப் படிக்க மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். பிறகு காத்திருப்பார்.

டெய்ரி ஃபார்ம் என்ற பகுதியில் வீடு கட்டிய ஒரு கிளார்க் எங்களிடம் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஒருநாள், “இந்த சிலோன்காரங்களுக்கு என்னப்பா, கப்பல்ல கூட்டிட்டு வந்து நெலமும் வேலையும் சும்மா குடுத்தாங்க” என்றார். அப்படி வந்த குடும்பத்துத் தீதி அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தார். தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, டப்பாவைக் கழுவிக்கொண்டு போனார். மூன்று வருடம் கழித்து அந்த கிளார்க் வீட்டுக்குப் புதுமனை புகுவிழா. தீதி கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு வரைபடம் பரிசாகக் கொடுத்தார். அந்தப் பகுதியின் தெருக்கள் ஒவ்வொன்றும் கையால் வரைந்து, பார்க்க அவ்வளவு அழகு. கிளார்க் பெருமையாகக் கூடத்தில் மாட்டினார். ஜூன் மாத மழையில் முழங்கால் அளவு தண்ணீர் கூடத்துக்குள் வந்தபோதுதான், தன் மனைக்கு நடுவே ஒரு மெல்லிய ஊதாக் கோடு ஓடுவதைக் கவனித்தார். பழைய ஓடை. “கோடு போட்டுக் குடுத்தேனே பாய்சாப், பாக்கலியா?” என்று தீதி கேட்டாராம்.

கேன்டீன்காரர் ஒருமுறை ஆறிப்போன டீயைக் கொடுத்து, ‘வேணும்னா குடி’ என்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாளிலிருந்து தீதி வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவந்தார். தினமும் பதினோரு மணிக்குக் கேன்டீனுக்கே போய், கல்லாவுக்கு எதிரே உட்கார்ந்து, ஆவி பறக்கப் பறக்கக் குடிப்பார். கேன்டீன்காரர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்வரை ஒரு நாள்கூடத் தவறவில்லை.

அவர் நிக்கோபாரில் கச்சால் தீவைச் சேர்ந்தவர். இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த குடும்பங்களைத் திரும்ப அழைத்துவந்து ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தினார்களே, அந்தக் குடும்பங்களில் ஒன்று அவருடையது. பேச்சில் அந்தத் தோட்டம் அப்படியே இருந்தது. வரிசை வீடுகளை லயம் என்பார். மேலதிகாரிகளை, அவர்கள் இல்லாதபோது, தொரை என்பார். போர்ட் பிளேரில் படித்து, வேலை கிடைத்து, லம்பா லைனில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். அப்பாவும் தம்பியும் தம்பி மனைவியும் தீவில், கடலோரம், இரண்டாவது லயத்தில்.

சுனாமி வந்தது. மறுநாள் காலை தீதி விடுப்பு விண்ணப்பத்தோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். அன்று மாலை நிவாரணப் பொருட்களோடு ஒரு கப்பல் நிக்கோபாருக்குக் கிளம்புவதாக இருந்தது. அரசு ஊழியர்கள் ஏற வேண்டுமானால் விடுப்பு உத்தரவைக் காட்ட வேண்டும். நான் விண்ணப்பத்தைப் படித்தேன். ‘விடுப்புக் காலத்தில் முகவரி’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் விடுப்பு வழங்க முடியாது. ஒரு சீட்டில் அதை எழுதி, இணைத்து, திருப்பி அனுப்பினேன். அன்று எல்லோருமே வெளியே ஓடிக்கொண்டிருந்ததால் அந்தத் தாள் என் மேசையிலிருந்து அவர் மேசைக்குப் போக மாலை ஆகிவிட்டது. கப்பல் போய்விட்டது.

மறுநாள் அந்தக் கட்டத்தில் தன் லம்பா லைன் அறையின் முகவரியை எழுதிக் கொடுத்தார். போகும் இடம் அதுவல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் கட்டம் பூர்த்தியாகியிருந்தது. விடுப்பு வழங்கினேன். அடுத்த கப்பல் ஐந்து நாள் கழித்து. அவர் போய்ச் சேர்ந்தபோது கிடைத்தவர்களைப் புதைத்து முடித்திருந்தார்கள். யார் யாரைப் புதைத்தோம் என்று சொல்ல அங்கே ஆளில்லை.

திரும்பி வந்த பிறகு என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. வணக்கம் சொல்வார். கோப்பை வைத்துவிட்டுப் போவார். எனக்கு வரவேண்டியது எந்த வடிவில் வரும் என்று நான் காத்திருக்கத் தொடங்கினேன்.

சுனாமிக்குப் பிறகு நிக்கோபார் தீவுகள் பல இடங்களில் கீழே இறங்கிவிட்டன. பூமி அதிர்ந்ததில் நிலமே அமிழ்ந்துபோனது. கரைகள் கடலுக்குள் போயின. தென்னந்தோப்புகள் உப்புத் தண்ணீரில் நின்றபடியே பட்டுப்போயின. தீதி அடுத்த பத்து வருடமும் அதைத்தான் திருத்தினார். அளவைக் கப்பல்களின் குறிப்பு, படகோட்டும் சராங்குகள் சொன்னது, மீனவர்கள் சொன்னது எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, சரிபார்த்து, அறிவிப்பு வந்தவுடன் ஊதாவில் ஏற்றினார். கச்சாலின் தாளில் இடது மூலை முழுக்க எண்கள். இடம் போதாமல் இரண்டாவது வரி தொடங்கியிருந்தார்.

இந்த நேரத்தில்தான் மெயின்லேண்டிலிருந்து ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். சென்னைக்காரர், நாற்பது வயது, வெளிநாட்டில் படித்தவர். தீதி இரண்டாம் நாளே அவருக்குச் சின்னத்தொரை என்று பெயர் வைத்துவிட்டார். நீரிணைகளின் பாதுகாப்பு பற்றி ஒரு வியூக அறிக்கை தயாரிக்கும் பொறுப்பு அவருக்கு. டெல்லியிலிருந்து ஒரு குழு வந்து அதைப் பரிசீலிக்கும்.

விஷயம் சிக்கலானதல்ல. வடக்கே பத்து டிகிரி நீரிணை, தெற்கே ஆறு டிகிரி நீரிணை. இரண்டும் பெரிய வாசல்கள். உலகத்தின் பாதிச் சரக்கு போகிறது என்று சொல்லி எல்லோரும் அங்கேதான் கண்ணை வைத்திருந்தார்கள். நடுவில், கச்சாலுக்குத் தெற்கே, சாம்ப்ரேரோ என்று ஒரு சின்ன வழி இருக்கிறது. பெரிய கப்பல்கள் அவ்வளவாக வராது. அதனாலேயே மறைந்து போக நினைப்பவனுக்கு அது வசதி. அங்கே ஒரு கண்காணிப்புச் சாவடி வேண்டும். எங்கே வைப்பது என்பதுதான் கேள்வி.

சின்னத்தொரை தீதியைக் கூப்பிட்டு விவரம் கேட்டார். தீதி பதினோரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். நிலம் இறங்கிய பிறகு, முன்பு கரையாக இருந்த இடத்தில் இப்போது சின்னப் படகு ஓடும். ராடாருக்குத் தெரியாமல் தீவின் நிழலிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடலாம். ஆகவே சாவடி கரையில் கூடாது, பின்னால் இருக்கும் குன்றின் மூக்கில் வேண்டும் என்று படம் போட்டு விளக்கியிருந்தார். நான் படித்தேன். என் முப்பது வருடப் பணியில் அதைப்போல ஒரு குறிப்பு என் மேசைக்கு வந்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து அறிக்கை வந்தது. முதல் வரி: ‘இத்தீவுகள் நம் நாட்டின் மூழ்காத போர்க்கப்பல்கள்.’ தீதியின் பக்கங்களில் பாதி அப்படியே இருந்தன. தீதியின் பெயர் இல்லை. கீழே சின்னத்தொரையின் பெயர், பட்டங்களோடு. குன்று இல்லை. ஏறி இறங்கச் சாலை போட வேண்டும், தாமதமாகும் என்று அதை நீக்கிவிட்டு, சாவடியைக் கரையோரச் சமவெளிக்கு மாற்றியிருந்தார். அந்த இடத்துக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இப்படி எழுதியிருந்தது: ‘காலி நிலம். ஆட்சேபம் இல்லை.’

தீதியின் இரண்டாவது லயம் அது.

தீதி அறிக்கையை எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனார். ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க நானும் அங்கே நின்றிருந்தேன்.

“சார், இந்த இடம் இப்ப கடல்ல இருக்குங்க.”

“மேப்ல நிலம்தானே இருக்கு?”

“அது பழைய தாளுங்க. நான் திருத்தி வச்ச தாளைப் பாருங்க.”

“பார்த்தேன். ஊதாவுல கோழி கிறுக்கின மாதிரி இருக்கு. மூலை முழுக்க நம்பர் வேற. கமிட்டி முன்னாடி அதை எப்படி விரிக்கிறது? எனக்கு க்ளீன் பிரிண்ட் ஒண்ணு வேணும்.”

“க்ளீன் பிரிண்ட்னா திருத்தாதது சார்.”

“இங்க பாருங்கம்மா. ரப்பர் பால் எடுத்துக்கிட்டு இருந்தவங்க நீங்க. ட்ரேஸ் பண்றது உங்க வேலை. ஸ்ட்ராட்டஜி என் வேலை. பிரிண்ட்டை எடுத்துக் குடுங்க.”

தீதி ஒரு கணம் அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். என் மேசை முன்னால் ஒருமுறை பார்த்திருக்கிறேன்.

“அச்சா சார்” என்றார்.

அலமாரியின் அடித்தட்டிலிருந்து சுனாமிக்கு முந்தைய தாள் ஒன்றை எடுத்தார். மேலே ‘திருத்தப்படாத பிரதி’ என்று முத்திரை குத்தினார். வழங்கல் பதிவேட்டில் அதே வார்த்தைகளை எழுதி, எதிரே சின்னத்தொரையின் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். சின்னத்தொரை படிக்காமல் போட்டார். பிறகு தீதி முறைப்படி மூன்று குறிப்புகள் அனுப்பினார், வாரத்துக்கு ஒன்று: மேற்படி இடத்தில் தற்போது நிலம் இல்லை, அன்புடன் கவனத்துக்கு. மூன்றிலும் சின்னத்தொரை ‘பார்த்தேன், கோப்பில் வைக்கவும்’ என்று எழுதினார். மூன்றையும் நான் கோப்பில் வைத்தேன். டயரி எண்ணும் போட்டேன்.

செயற்கைக்கோள் படம் இருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. வேறு பிரிவில் இருந்தது. அதைக் கேட்டு வாங்க வேறு படிவம். அந்தப் படிவம் எது என்று சின்னத்தொரை என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஏன் நானாகச் சொல்லவில்லை? அதற்கும் காரணம் உண்டு. ஒருமுறை ஹேவ்லாக் தீவுப் பக்கம் ஆய்வுக்குப் போனபோது, டிங்கிப் படகிலிருந்து இறங்குமுன் அவர் தன் காலணிகளைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கரை முழுக்க நடந்து பார்த்துவிட்டுத் திரும்பும்வரை, ஊழியர்கள் பார்க்க, அரை மணி நேரம் அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நான் தீதி அளவுக்கு ஞாபகசாலி இல்லை. ஆனால் அந்தக் காலணிகளின் அளவு ஒன்பது.

குழு வந்தது. இடத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார். அவர் ஓய்வு பெற்ற கடற்படைக்காரர், வெள்ளை மீசை, குறைந்த பேச்சு. கச்சாலின் தெற்குக் கரைக்கு மோட்டார் லாஞ்சில் போனோம். தீதியும் வந்தார், வரைபடக் குழலைத் தூக்க. பின்பக்கத்தில் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தார்.

ஓரிடத்தில் சராங்கு வேகத்தைக் குறைத்தார். அவர் ராமநாதபுரத்துத் தமிழ் முஸ்லிம். இந்தக் கடலில் முப்பது வருடம் ஓட்டியவர்.

“ஏன் நிறுத்துற? இன்னும் முன்னாடி போப்பா” என்றார் சின்னத்தொரை.

“எங்க சாப் போறது? கீழ தட்டும்.”

“கரைக்குப் போகணும்யா.”

“நீங்க சொல்ற கரை மேலதான் சாப் நிக்கிறோம்.”

சுற்றிலும் தண்ணீர். அதில் தலையில்லாத தென்னைமரங்கள் கரிக்கம்பங்களைப் போல் நின்றன. தலைவர் வரைபடத்தை விரித்தார். முதலில் இடது மூலையைப் பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. பிறகு மேலே இருந்த முத்திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இந்தியில், நிதானமாகக் கேட்டார்: “உங்கள் சாவடியில் காவலுக்கு நிற்கிறவனுக்கு நீச்சல் தெரிய வேண்டுமா?”

சின்னத்தொரை குனிந்து வரைபடத்தைப் பார்த்தார்.

“இது பற்றி யாருமே சொல்லவில்லையா?” என்று அடுத்த கேள்வி. சின்னத்தொரை, “லோக்கல் ஸ்டாஃப் யாரும் என் கவனத்துக்கு...” என்று தொடங்கினார். தீதி எழுந்து வந்தார். பையிலிருந்து மூன்று குறிப்புகளின் நகலை எடுத்தார்.

“தீன் பார் போலா சாப், மூணு தடவை. டயரி நம்பர் இருக்கு.”

அப்புறம் ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றித் தலைவரிடம் கொடுத்தார். அவர் வாங்கிக் குடித்தார்.

சாவடி இன்று குன்றின் மேல்தான் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல என் கையெழுத்து தடுக்கிறது. இறுதி அறிக்கையில் தீதியின் பெயர் அப்போதும் இல்லை. யாருடைய பெயரும் இல்லாமல் வெளியிட முடிவானது. அரசாங்கம் நியாயம் செய்யும் விதம் அது.

சின்னத்தொரைக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? சென்னைக்கு மாற்றல். அவர் வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது அதைத்தான். மனைவியும் குழந்தைகளும் முன்கூட்டியே போய்விட்டார்கள், பள்ளியில் சேர்த்தாயிற்று. உத்தரவு வந்த அன்று கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். தீதி மட்டும் லட்டை எடுக்கவில்லை.

மாற்றலில் போகும் எவரும் ஒவ்வொரு பிரிவிலும் ‘பாக்கி இல்லை’ என்று கையெழுத்து வாங்க வேண்டும். அது இல்லாமல் விடுவிப்பு உத்தரவு கிடையாது. வரைபடப் பிரிவைக் கடைசியாக வைத்துக்கொண்டு சின்னத்தொரை போனார். அந்தப் பிரிண்ட்டைச் சுருட்டிக் கையில் வைத்திருந்தார்.

“இந்தாங்க. கையெழுத்துப் போடுங்க.”

“வாங்க முடியாதுங்க சார்.”

“ஏன்?”

“ரூல் இருக்கு. சூப்ரண்டு சாரைக் கேளுங்க.”

என்னிடம் வந்தார். விதி இருக்கத்தான் செய்தது. பதினேழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை மாலை சும்மா புரட்டியபோது படித்தது. மாற்றல் உத்தரவு வந்ததும் அதைத் தீதிக்கு எடுத்துக் காட்டியதும் நான்தான். பக்கத்தைத் திறந்து அவரையே படிக்கச் சொன்னேன். வழங்கப்பட்ட வரைபடம் எதுவும், திரும்பப் பெறும் தேதி வரையிலான எல்லாத் திருத்தங்களும் செய்யப்பட்ட நிலையிலேயே திரும்பப் பெறப்பட வேண்டும். திருத்தப்படாத பிரதி எனில், பெற்றுக்கொண்ட அதிகாரியின் சான்றுடன்.

“இதை யாரும் ஃபாலோ பண்றதில்லையே சார்!” என்றார். முதல் முறையாக என்னை சார் என்றார்.

“இனிமேல் பண்ணுவோம்” என்றேன்.

தீதி திருத்தத் தொடங்கினார். அவசரமில்லாமல், ஒழுங்காக, விதிப்படி. சுனாமிக்குப் பிந்தைய ஒவ்வொரு அறிவிப்பும், ஒவ்வொரு எண்ணும். திங்கட்கிழமை தோறும் சின்னத்தொரை அவர் மேசைக்கு வந்து நிற்பார்.

“தீதி, ஹோ கயா க்யா? முடிஞ்சுதா?”

“இன்னும் நாலு வருஷத்து அறிவிப்பு இருக்குங்க சார்.”

பிறகு மூன்று வருடத்து அறிவிப்பு. பிறகு இரண்டு. மழைக்காலம் வந்தது. கச்சால் தெற்குக் கரைக்குக் கடைசி ஆழ அளவு எடுக்கப்படவில்லை என்று தீதி கண்டுபிடித்தார். உண்மையிலேயே எடுக்கப்படவில்லை, நான் சரிபார்த்தேன். கடல் அடங்கும்வரை லாஞ்ச் போகாது. சின்னத்தொரையின் மகளுக்குப் பள்ளியில் ஏதோ விழா. அவர் போனில் மகள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நின்றதைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. விதிப்புத்தகத்தை மூடி வைக்கலாமா என்றுகூட ஒரு மதியம் நினைத்தேன். தீதியிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன்.

“புள்ளைங்களைப் பாக்கணும்கிறாருங்க தீதி.”

“அவரு புள்ளைங்க எங்க இருக்காங்கன்னு அவருக்குத் தெரியுமில்லங்க சார்” என்றார், நிப்பைத் துடைத்துக்கொண்டே.

விதிப்புத்தகத்தை நான் மூடவில்லை.

ஜனவரியில் கடல் அடங்கியது. மாற்றல் உத்தரவு வந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. தீதி, சின்னத்தொரை, சராங்கு, நான் ஆகிய நால்வர் மட்டும் போனோம். லாஞ்சைத் தள்ளி நிறுத்திவிட்டு டிங்கியில் ஏறிக்கொண்டோம். அவ்வளவு ஆழமில்லாத இடத்தில் ஈயக்குண்டு கட்டிய கயிற்றால்தான் அளக்க வேண்டும். சான்றளிக்கும் அதிகாரி அளவைத் தானே எடுக்க வேண்டும் என்று விதி. கயிறு சின்னத்தொரையின் கையில். படிவம் என் மடியில்: எண், நேரம், ஆழம், இடம்.

தீதி தென்னைமரங்களை வைத்து அடையாளம் பார்த்து, சராங்குக்குக் கை காட்டினார். டிங்கி நின்றது.

“போடுங்க சார்.”

சின்னத்தொரை குண்டை இறக்கினார். “ஒண்ணு புள்ளி எட்டு மீட்டர்.”

“ரேஷன் கடை” என்றார் தீதி.

சின்னத்தொரை நிமிர்ந்து பார்த்தார். டிங்கி நகர்ந்தது.

“ரெண்டு மீட்டர்.”

“மாரியாயி கோயிலு. இங்கனதான் தீ மிதிப்போம்.”

“ஒண்ணு புள்ளி ஒம்பது.”

“மொத லயம், ஏழாம் நம்பரு. புருசன் பொஞ்சாதி, மூணு புள்ளைங்க.”

ஒவ்வொரு முறை குண்டு இறங்கும்போதும் ஒரு வீடு. ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை பேர் என்று சொன்னார். குரலில் ஒன்றும் இல்லை. வரைபடத்தில் எண் வாசிப்பது போலத்தான் வாசித்தார். சராங்கு வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். பன்னிரண்டாவது வீட்டில் சின்னத்தொரை கயிற்றை மடியில் போட்டுக்கொண்டார். உள்ளங்கை சிவந்து உரிந்திருந்தது.

“மேடம், போதும். ப்ளீஸ். நான் எழுதினது தப்பு. காலி நிலம்னு எழுதியிருக்கக் கூடாது.”

“இன்னும் நாலு வீடு இருக்குங்க சார்.”

அவர் மறுபடியும் கயிற்றை எடுத்தார். அழுதார் என்று நினைக்கிறேன். உப்புத் தண்ணீர் தெறித்துக்கொண்டிருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது.

மூன்று வீடு முடிந்தது. நான்காவதற்குத் தீதி டிங்கியைக் கொஞ்சம் பின்னால் தள்ளச் சொன்னார், பிறகு கொஞ்சம் இடப்பக்கம். சரியான இடம் வரும்வரை விடவில்லை.

“போடுங்க.”

“ரெண்டு புள்ளி ஒண்ணு.”

நான் படிவத்தில் எண், நேரம், ஆழம் மூன்றையும் எழுதிவிட்டு, இடம் என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார். அத்தனை வருடங்களில் அவர் என்னை நேராகப் பார்த்தது அது இரண்டாவது முறை.

“இது உங்களுக்குங்க சார். அன்னைக்கு லீவு ஃபாரத்துல கேட்டீங்களே” என்றார்.

நான் எழுதப் போனேன். “அந்தப் பேனாவுல எழுதாதீங்க” என்று சொல்லி, பைக்குள்ளிருந்து ஊதாப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். லேசான பேனா. நான் நினைத்திருந்ததைவிட லேசு.

“ரெண்டாவது லயம், பதினாலாம் நம்பர் வீடு. தெக்கு விரிகுடா, கச்சால்.”

எழுதினேன். ‘லயம்’ முதலில் சரியாக வரவில்லை. அதன்மேல் திரும்ப எழுதினேன். அவர் குனிந்து, என் தோளுக்கு மேலாக, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார்.

“இப்ப ஃபாரம் சரியா இருக்குங்களா சார்?”

எல்லாக் கட்டங்களும் பூர்த்தியாகியிருந்தன.

“சரியா இருக்கும்மா” என்றேன்.

அவர் பேனாவைத் திரும்ப வாங்கி, நிப்பைத் துடைத்து, மூடினார்.